பிள்ளைக்கு ஆபத்து என்றால் தாபோடியில் யார் துணை?

புனா என்று பழைய தலைமுறையினர் இன்றும் சொல்லும் புனே நகரிலிருந்து மும்பைச் சாலையில் போனால், கட்கியும் போபோடியும் கடந்ததும் முளா நதியின் மேல் ஹாரிஸ் பாலம் வருகிறது. பாலத்தைத் தாண்டினால் தாபோடி. ராணுவப் பொறியியல் கல்லூரியும், அரசு எஸ்.டி. பஸ் கழகத்தின் பணிமனையும் உள்ள ஊர். லோனாவாலா லோக்கல் நின்று போகும். 2023 ஆகஸ்டிலிருந்து மெட்ரோவும் நிற்கிறது.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, கண்டோன்மெண்ட், பிம்பிரி ஆலைகள் என்று பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. இன்றும் புதிதாக வருகிறவர்கள் உண்டு. தகப்பன் காலை ஷிப்டுக்கோ கட்டட வேலைக்கோ போகிறான். தாய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். பிள்ளைகள் சாவியைக் கழுத்தில் மாட்டிக் கொண்டு பள்ளிக்குப் போய் வருகின்றன.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரையில் இதில் குறையில்லை. ஆனால் ஒரு நாள் தகப்பன் சாரத்திலிருந்து விழுந்து விடுகிறான் என்று வைத்துக் கொள்வோம். அல்லது தாய் நோயில் படுத்து விடுகிறாள். அல்லது வீட்டிலேயே ஒருவன் குடித்து விட்டுப் பிள்ளையை அடிக்கிறான். சொந்த ஊரில் என்றால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள், சித்தப்பா ஓடி வருவார். இங்கே அடுத்த வீட்டுக்காரர் பீகார். எதிர் வீட்டுக்காரர் மராட்டியர். நல்லவர்கள்தாம். ஆயினும் உறவு முறை இல்லை. அந்தச் சமயத்தில் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

சட்டம் இதற்குத் தெளிவான பதில் சொல்கிறது: அரசாங்கம் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எப்படி வந்தது, எப்படி நடக்கிறது, ஒரு குழந்தைக்கு உண்மையில் தேவைப்படுவது எது என்பதை ஒவ்வொரு தொழிலாளிக் குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சிறையிலிருந்து தொடங்கிய கதை

இந்தியாவில் ‘குழந்தைகள் சட்டம்’ என்ற பெயரில் முதலில் சட்டம் செய்தது சென்னை மாகாணம்தான். 1920-ல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, வயது வரம்பு வேறு. சில இடங்களில் சட்டமே இல்லை. அநாதையாகத் திரிந்த பிள்ளையும், வழி தவறிய பிள்ளையும், திருடிய பிள்ளையும் பெரியவர்களோடு சிறையில் கிடந்தார்கள்.

பம்பாய்ப் பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே இதை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குழந்தைகளைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1986-ல் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் தேவை என்ற கருத்தும் வலுத்தது. அதே ஆண்டில் இளஞ்சிறார் நீதிச் சட்டம் நிறைவேறியது. அதில் ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்று வயது வரம்பு. 2000-ல் வந்த சட்டம் இருவருக்கும் 18 என்று ஆக்கியது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ல் நிறைவேறி, 2016 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்த சட்டம்.

பெற்றோரை இழந்த பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, வேலைக்கு வைக்கப்பட்ட பிள்ளை, பிச்சை எடுக்க வைக்கப்பட்ட பிள்ளை, வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் பிள்ளை, காணாமல் போன பிள்ளை, ஓடி வந்த பிள்ளை ஆகிய எல்லோரையும் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்று இச்சட்டம் ஒரே பெயரில் அழைக்கிறது. இவர்கள் குற்றவாளிகள் அல்லர். இவர்களைப் போலீஸ் லாக்கப்பில் வைக்க எவருக்கும் அதிகாரமில்லை.

இருபத்து நான்கு மணி நேரம்

புனே ரயில் நிலையத்தில் ஒரு பத்து வயதுப் பையன் தனியாக அகப்படுகிறான் என்று கொள்வோம். அவனைப் போலீசாரோ, உதவித் தொலைபேசி ஊழியரோ, பொதுமக்களில் ஒருவரோ, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு போய் நிறுத்த வேண்டும். மராத்தியில் ‘பால கல்யாண் சமிதி’ என்பார்கள். பிள்ளை தானாகவே போய் நின்று முறையிடவும் சட்டம் இடம் தருகிறது.

இக்குழுவில் ஒரு தலைவரும் நாலு உறுப்பினர்களும் உண்டு. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் குழுவுக்கு உண்டு. மாதத்தில் 20 நாட்களாவது கூட வேண்டும். குழு கூடாத நேரமாக இருந்தால் ஓர் உறுப்பினரிடமே பிள்ளையை ஒப்படைக்கலாம். அதன் பிறகு 15 நாட்களுக்குள் பிள்ளையின் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தர வேண்டும். முடிவான உத்தரவு நாலு மாதங்களுக்குள் வர வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் பிள்ளையின் கணக்கு வேறு. பெரியவர்களுக்கு நாலு மாதம் ஒரு தவணை. ஆறு வயதுக் குழந்தைக்கு அது ஒரு யுகம். ‘அம்மா எப்போது வருவாள்?’ என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லாத ஒவ்வொரு நாளும் அதன் மனத்தில் தழும்பாகிறது. ஆகவே குழந்தைக்கு முதல் தேவை வேகம். அடுத்த தேவை, என்ன நடக்கிறது என்பதை அதற்குப் புரியும்படி சொல்லும் ஒருவர். இன்றைக்கு ஒரு ஊழியர், நாளைக்கு வேறொருவர், அடுத்த வாரம் மூன்றாமவர் என்று மாறி மாறி வந்து, நடந்ததை மறுபடியும் சொல்லச் சொல்வது பிள்ளையை இரண்டாம் முறை வதைப்பதாகும்.

பாஷை தெரியாத பிள்ளை

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு மராத்தியும் வராது, இந்தியும் வராது. கேட்பதற்கெல்லாம் தலையை ஆட்டும். அந்தத் தலையாட்டல் ‘ஆம்’ என்று குறிப்பேட்டில் ஏறி விடும்.

பாஷையை அலட்சியம் செய்வதன் விளைவு என்ன என்பதை லண்டனில் நடந்த ஒரு துயரம் காட்டியது. ஐவரி கோஸ்ட்டில் பிறந்த விக்டோரியா க்ளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, உறவினரான ஒருத்தியிடம் வளர அனுப்பப்பட்டாள். அவளுக்குத் தெரிந்தது பிரெஞ்சு. அவளும் அவளுடைய கூட்டாளியும் சிறுமியை மாதக்கணக்கில் சித்திரவதை செய்தனர். சமூக நல ஊழியர்கள், போலீசார், டாக்டர்கள் எனப் பலரும் சிறுமியைப் பார்த்தனர். அவளுடன் உட்கார்ந்து நிதானமாகப் பேசியவர்கள் அரிது. உடன் வந்தவள் சொன்னதையே நம்பினர். 2000 பிப்ரவரியில் சிறுமி இறந்தாள். அவள் உடம்பில் 128 காயங்கள் இருந்தன. அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 சந்தர்ப்பங்கள் கிடைத்தும் தவற விடப்பட்டன என்று 2003-ல் வெளியான லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை கூறிற்று.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 2011-ல் நார்வேயில் ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளை அந்நாட்டுக் குழந்தைகள் நலத் துறையினர் எடுத்துக் கொண்டனர். கையால் சோறு ஊட்டியதும், பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்ததும் குறையாகச் சொல்லப்பட்டன என்று பெற்றோர் கூறினர். காரணம் வெறும் பண்பாட்டு வேற்றுமை அல்ல என்று நார்வே அதிகாரிகள் மறுத்தனர். இரு நாட்டு அரசுகளும் பேசிய பிறகு, 2012 ஏப்ரலில் குழந்தைகள் இந்தியாவிலிருந்த சித்தப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

ஒரு பக்கம் தலையிடாத குற்றம். மறுபக்கம் குடும்பத்தை அறியாமல் தலையிட்டதாக எழுந்த முறையீடு. குழந்தையின் பாஷையும் வீட்டுப் பழக்கமும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், இரண்டு பக்கத்திலும் தவறு நேராமல் தடுக்க வழியுண்டு.

இந்தியச் சட்டம் இதை மறக்கவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. பிள்ளைக்குப் புரியாத பாஷையில் புகார் பதிவாகிறது என்றால் மொழிபெயர்ப்பாளர் தரப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் எழுத வேண்டும்; எழுதும் போலீசார் சீருடையில் இருக்கக் கூடாது; கூடிய வரையில் பெண் சப்-இன்ஸ்பெக்டர் எழுத வேண்டும் என்பதும் அதில் உண்டு. இரவில் எக்காரணத்தைக் கொண்டும் பிள்ளையைப் போலீஸ் நிலையத்தில் வைக்கக் கூடாது. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, உரிமை. கேட்டால்தான் கிடைக்கும்.

விடுதி கடைசி வழி

தகப்பனை இழந்த வீட்டில் தாய்க்கு முதலில் சொல்லப்படும் யோசனை, ‘பிள்ளைகளை ஏதாவது ஆசிரமத்தில் சேர்த்து விடு’ என்பதுதான். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சட்டமும் சரி, அனுபவமும் சரி, இதை ஏற்பதில்லை. பிள்ளையை விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

ருமேனியத் தலைநகர் புகாரெஸ்ட்டில் 2000-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இதை நன்கு விளக்குகிறது. அநாதை விடுதிகளில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்டனர். மற்றவர்கள் வழக்கமான ஏற்பாட்டில் தொடர்ந்தனர். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் ஒட்டுதலிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். விடுதியில் சோறும் துணியும் கிடைக்கும். ஆனால் இரவில் இருமினால் எழுந்து பார்க்கும் ஒரே ஆள் என்று ஒருவர் அங்கே இருப்பது அரிது.

ஆகவே தாயிடமோ, பாட்டியிடமோ, மாமனிடமோ பிள்ளை இருப்பதற்கு வழி செய்வதே நல்ல பாதுகாப்பு. இதற்காக மகாராஷ்டிர அரசு ‘பால சங்கோபன் யோஜனா’ என்ற திட்டத்தை நடத்துகிறது. பெற்றோர் இருவரையோ ஒருவரையோ இழந்த பிள்ளை வீட்டிலேயே வளர மாதந்தோறும் உதவி தருவது இதன் நோக்கம். இத்தொகை 2023-ல் 2,250 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், ஆண்டு வருமானம் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி என்று 2022-ல் விதிக்கப்பட்டது. விண்ணப்பம் போகும் இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

சங்கோபன் திட்டத்துக்கு இப்போது சாவித்திரிபாய் பூலேயின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பொருத்தமான பெயர்தான். கைம்பெண்கள் ரகசியமாகப் பெற்ற சிசுக்களைக் கொல்வதைத் தடுக்க, ஜோதிராவ் பூலேயும் அவரும் இதே புனேயில் 1863-ல் ஓர் இல்லம் திறந்தார்கள். அப்படிப் பிறந்த ஒரு பிள்ளையைத் தங்கள் மகனாக வளர்த்தார்கள். 1897-ல் பிளேக் நோய் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிச் சென்றபோது தொற்றிய நோயில் சாவித்திரிபாய் உயிர் நீத்தார்.

அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் வைப்பதும் ஒரு முக்கியத் தேவை. வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கும்போது உடன்பிறந்தவர்களை ஒன்றாக வைக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தகப்பனையும் வீட்டையும் இழந்த பிள்ளைக்கு மிச்சமிருக்கும் குடும்பம் அந்த அண்ணனோ தங்கையோதான்.

எந்த ஊர்ப் பிள்ளை?

வெளி மாநிலத் தொழிலாளிக்கு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. பிள்ளையின் ஆதார் அட்டையில் திருநெல்வேலி முகவரி. ரேஷன் கார்டும் ஊரில். குடும்பமோ பத்து வருஷமாகத் தாபோடியில். பிள்ளை வெளி மாவட்டத்தது என்று தெரிந்தால், அந்த மாவட்டக் குழுவைக் கலந்து கொண்டு, பிள்ளையின் நலனுக்கு உகந்தது என்றால் அங்கே அனுப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. உண்மையில் ஊரில் யாராவது இருந்தால் அது நல்லதே. ஊரில் பூட்டிய வீடுதான் இருக்கிறது என்றால், பிள்ளை ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்ததுதான் மிச்சம்.

இதைத் தவிர்க்கச் சில காகிதங்கள் கைவசம் இருப்பது நல்லது. பிறப்புச் சான்றிதழ், இங்குள்ள பள்ளியில் படிப்பதற்கான சான்று, வாடகை ஒப்பந்தம் அல்லது மின்சார பில், தகப்பன் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வீட்டிலும் நம்பகமான ஒரு நண்பரிடத்திலும் வைத்திருக்கலாம். பிள்ளைக்குத் தாபோடி விலாசத்தையும் ஒரு போன் நம்பரையும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பது எல்லாவற்றிலும் முதலாவது.

முறுக்குக் கம்பெனிப் பையன்கள்

மதுரை, தேனி பக்கத்துக் கிராமங்களில் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, முறுக்கு, மிக்ஸர் போடும் பட்டறைகளுக்கு மகாராஷ்டிரம், குஜராத் முதலிய மாநிலங்களுக்குப் பையன்களை அழைத்து வந்த கதை பலருக்கும் தெரிந்ததே. விடிவதற்கு முன் எழுந்து இரவு வரை எண்ணெய்ச் சட்டி முன் நின்ற சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகள் பல முறை வந்துள்ளன. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை இத்தகைய பட்டறையில் கூலிக்கு வைப்பது குற்றம்.

ஆனால் மீட்பதோடு வேலை முடிந்து விடுவதில்லை. ரயிலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்ட பையன், வாங்கிய முன்பணம் தீராததால் ஆறு மாதத்தில் வேறொரு பட்டறைக்குப் போய் விடலாம். இதை உச்சநீதிமன்றம் அன்றே உணர்ந்திருந்தது. சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் வந்த தீர்ப்பில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நிதியாகக் கட்ட வேண்டும், அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், தர முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்று கூறிற்று. பிள்ளையை வேலைக்குத் தள்ளியது வீட்டின் வறுமை என்றால், மருந்தும் வீட்டுக்குத்தான் தர வேண்டும்.

ரகசியமாகக் கொடுக்காதீர்கள்

வளர்க்க வழியில்லாத தாயிடம், ‘நல்ல இடம் இருக்கிறது, குழந்தையைக் கொடுத்து விடு’ என்று நயமாகப் பேசுகிறவர்களும் உண்டு. சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போன விவகாரம் 2005-ல் வெடித்தது. புனேயிலும் ஒரு தத்து நிறுவனத்தின் மீது எழுந்த புகார்களின் பேரில் 2010-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் உள்ள குற்றம். வேறு வழியே இல்லாத பெற்றோர் நலக் குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. இடைத்தரகன் அந்த இரண்டு மாதத்தைத் தர மாட்டான்.

பத்து, ஒன்பது, எட்டு

மும்பையில் 1996-ல், டாடா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜெரூ பில்லிமோரியா தெருக் குழந்தைகளுக்காக ஒரு தொலைபேசி உதவியைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் மறக்காதபடி ‘பத்து, ஒன்பது, எட்டு’ என்று எண்ணும் 1098 அதற்கு நம்பர் ஆயிற்று. பின்னர் நாடெங்கும் பரவிய இச்சேவையை, 2023 முதல் மாநில வாரியாக அரசு தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டு, 112 அவசர உதவியோடு இணைத்து வருகிறது. காசு செலவில்லை. பகலிலும் கூப்பிடலாம், இரவிலும் கூப்பிடலாம்.

ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் குழந்தைகள் நலப் போலீஸ் அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். நிலையத்துக்குப் போகிறவர் அவரைத்தான் கேட்க வேண்டும். தனியாக அகப்பட்ட பிள்ளையைப் பற்றித் தெரிந்தும் தகவல் தராமல் இருப்பது, ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ பெற்றுத் தரும் குற்றம். ‘பாவம்’ என்று வீட்டில் வைத்துக் கொள்வதும், ‘நமக்கேன் வம்பு’ என்று போய் விடுவதும் இரண்டுமே தவறு. பிள்ளையின் போட்டோவைப் போனில் ஊரெல்லாம் அனுப்பி வைப்பதும் கூடாது. அதன் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது.

தாபோடியிலும் கட்கியிலும் மராத்தியும் தமிழும் சரளமாக எழுதப் பேசத் தெரிந்த குமாஸ்தாக்களும் ஆசிரியைகளும் நம்மவர்களில் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் கோயில் கொடைக்கும் வசூல் செய்து வேலை செய்ய முன்வருகிறார்கள். அவர்களில் நாலைந்து பேர் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் நலக் குழுவிலும் மொழிபெயர்ப்பு உதவிக்கென எழுதிக் கொடுத்து வைக்கலாம். செலவு ஒன்றுமில்லை; ஒரு நாள் லீவு போதும். நள்ளிரவில் புனே ஸ்டேஷனில் அகப்பட்டு, மிரண்டு நிற்கும் ஒரு பிள்ளையிடம், ‘உன் பேரென்னப்பா, சாப்பிட்டியா?’ என்று அதன் சொந்தப் பாஷையில் கேட்க அப்போது ஓர் ஆள் இருப்பார்.